செட்டிநாட்டில் மார்கழி விடுமுறை: ஆட்டமும் பலகாரமும்

செவ்வாய் இரவு, காரைக்குடி

ரயில் பயணத்துக்கென்றே பிறந்த வீடியோ கேம் டெட்ரிஸ் என்பது என் கட்சி. பல்லவன் செங்கல்பட்டைத் தாண்டும்போது தொடங்கிய வழக்கு, விழுப்புரத்தில் வடை வாங்கும்வரை நீண்டது. எதிர்வாதி என் அக்கா மகன். எட்டாம் வகுப்பு, அரையாண்டு விடுமுறை, மடியில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி. மணிக்கணக்கில் யாரும் வேலை ஏவ மாட்டார்கள் என்பதால் ரயிலில் பெரிய கதையுள்ள ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும் என்கிறான்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. டெட்ரிஸை 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கினார். 1989இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியோடு வந்தபிறகு அது உலகமெல்லாம் பரவியது. ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள். விழுவதை அடுக்க வேண்டும், வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். சட்டம் அவ்வளவுதான். டிக்கெட் பரிசோதகர் வந்தால் நிறுத்தலாம், போன பிறகு தொடரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து இருக்கைக்காரருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. இன்று அதைக் கண்ணாரக் கண்டேன். திருச்சிக்குப் போகும் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அந்த நீளக் கட்டைக்கு ஓரத்தில் இடம் விட்டு வையுங்கள்" என்றார். பையன் விட்டு வைத்தான். நீளக் கட்டை வந்து நான்கு வரிசையும் ஒரே அடியில் மறைந்தபோது, பெரியவர் தன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

எனக்கு ஆட்டத்தில் வேண்டியது அதுதான். ஆடுகிறவருக்கு இன்பம் தராத ஆட்டத்தை யாரும் பணம் போட்டுத் தயாரிக்கப் போவதில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் நான் மார்க் போடுவேன். சினிமாவுக்கும் பண்டிகைப் பலகாரத்துக்கும்கூட என் அளவுகோல் அதுவே.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவியோடு பொருத்தி ஆடும் வீடியோ கேம் பெட்டி இருந்தது. கைப்பிடிகள் இரண்டு, பிள்ளைகள் தெரு நிறைய. கான்ட்ரா ஆடுவோம். அதில் அருவியை ஒட்டி மேலே ஏறும் கட்டம் ஒன்று உண்டு. இருவரில் ஒருவர் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் அவரோடு மேலே நகர்ந்துவிடும். பின்தங்கிய கூட்டாளி திரைக்குக் கீழே போய் உயிரை விட வேண்டியதுதான். "நில்லுடா, அவனும் வரட்டும்" என்று கத்துவது கைப்பிடி கிடைக்காத எங்கள் வேலை. கைப்பிடி கிடைத்த நாட்களைவிட, அப்படித் தொண்டை வறளக் கத்திய நாட்களே எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

காரைக்குடி ஸ்டேஷனுக்குத் தோழியும் அவளுடைய அண்ணனும் வந்திருந்தார்கள். அந்த நேரத்திலும் எங்களுக்காக இடியாப்பமும் கோசமல்லியும் எடுத்து வைத்திருந்தார்கள். சுட்ட கத்தரிக்காயின் புகை வாசம் நாக்கில் இருக்கும்போதே தூங்கப் போகிறேன்.

புதன், கானாடுகாத்தான் பக்கம்

தோழியின் ஐயா, அதாவது தாத்தா, வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரிகிறது. பர்மாத் தேக்குத் தூண்களும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்களும் எல்லோரும் எழுதித் தீர்த்தவை. நானும் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று குளிர்ந்துதான் இருக்கின்றன. வருடத்தின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு இது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பிள்ளையார் நோன்புக்காக இந்த வாரம் எல்லா அறைகளும் திறந்திருக்கின்றன. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பெரிய பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வளவு ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். வெயில் பட்டால் கண் கூசுகிறது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் தோழியின் ஆயா, அதாவது பாட்டி, பல்லாங்குழிப் பலகையை எடுத்தார். பையனுக்குக் கைப்பிடியும் திரையும் இல்லாத ஆட்டம். பதினான்கு குழி, பக்கத்துக்கு ஏழு. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. தன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பது அத்தனையும் நமக்கு. எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார்.

ஆயாவின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விரல்களால் குழியை வழித்து எடுக்கிறார், ஒரு கொட்டை கூடத் தங்குவதில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். டக் டக் டக் என்று ஒரே தாளத்தில் விழுகிறது. எண்ணுவதே இல்லை. கடைசிக் கொட்டை எங்கே விழும் என்பது அள்ளும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பையன் ஒவ்வொரு முறையும் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். "எண்ணட்டும், எண்ணினால்தான் வரும்" என்று ஆயா யாரையும் அவனை அவசரப்படுத்த விடவில்லை. அரை மணி நேரத்தில் வீடே இரண்டு கட்சியாகிவிட்டது. சமையலுக்கு வந்திருந்த ஆச்சி பையன் கட்சி. "மூன்றாவது குழியை எடுங்கள் தம்பி" என்று அடுப்படி வாசலில் நின்றபடியே கட்டளை வருகிறது. பையன் தோற்றான். மறுபடியும் ஆட உட்கார்ந்தான்.

சாயங்காலம் திண்ணையில் சாக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து கொடுத்தார் தோழியின் அண்ணன். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் கூடி நின்று புலிக்கு நகர இடமில்லாமல் செய்ய வேண்டும். இரண்டு தரப்புக்கும் பலம் வேறு, ஆடும் முறை வேறு, வெற்றியும் வேறு. ஒரு கொலைகாரனுக்கு எதிராக நான்கு பேர் தப்பி ஓடும் டெட் பை டேலைட் என்ற ஆட்டம் 2016இல் வந்தபோது, சமனில்லாத இரண்டு தரப்பை மோதவிடும் உத்தியைப் பெரிய விஷயமாகப் பேசினார்கள். நம் ஊர்த் திண்ணைகளிலும் கோயில் கல்தளங்களிலும் அந்த உத்தி கோடு கோடாகக் கிடக்கிறது. ஆட்டுக்காரர் பக்கம் ஆட எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெட்டுப்படப் போகும் ஆட்டை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதில் இருக்கும் தவிப்பு, துப்பாக்கி ஆட்டங்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே திண்ணையின் மறு கோடியில் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் ஆளுக்கொரு செல்போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்ததும், மறு ஆண்டு அது இந்தியாவுக்கான புதுப் பெயரில் திரும்பி வந்ததும் ஊருக்கே தெரியும். பெரியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். நால்வரும் தோளோடு தோள் உட்கார்ந்து, "வலது பக்கம் வீடு, மாடியில் ஆள்" என்று ஒருவருக்கொருவர் காவல் காக்கிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் உறவில் குறையே இல்லை. பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் தம்பிக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. திரை உள்ளங்கை அளவு. அவன் ஐந்து நிமிடத்தில் ஆடுபுலிப் பக்கம் வந்துவிட்டான்.

இரவு கும்மாயம் கிண்டினார்கள். உளுந்து மாவு, கருப்பட்டி, நெய். ஒரு கரண்டிக்கு மேல் சாப்பிட முடியாது, ஒரு கரண்டியோடு நிறுத்தவும் முடியாது.

வியாழன், ஆத்தங்குடியும் காரைக்குடியும்

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்க்கப் போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ வடிவ உலோக அச்சைப் பொருத்துகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை அசையாமல் மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும், பிறகு ஈரக் கலவை, ஓர் அழுத்து. சூளை கிடையாது. காய்ந்த பின் சில நாட்கள் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கிறது.

ஒரே அச்சில் பச்சையும் மஞ்சளும் ஊற்றிய கல்லும், சிவப்பும் கறுப்பும் ஊற்றிய கல்லும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. பையன் அதைப் பார்த்ததும், "சித்தி, மேகமும் புதரும்!" என்று கூவினான். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரைப் புதரும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் கேட்ரிட்ஜில் இருந்த இடம் அவ்வளவு குறைவு. எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களை வைத்துக்கொண்டு, அதே சில்லுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கி ஓர் உலகத்தையே கட்டினார்கள். அச்சு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் கரண்டியை நிறுத்திவிட்டு இந்தக் கதையைக் கடைசிவரை கேட்டார். பிறகு பையனிடம் கரண்டியைக் கொடுத்து ஒரு இதழை மட்டும் ஊற்றச் சொன்னார். இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக அசைகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து அச்சுக்குள் உலகம் காட்டிய அந்தக் கைவேலையைக் கண்டால் எனக்கு உண்டாகும் மரியாதை அங்கே உண்டாவதில்லை.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினோம். அங்கே பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி வாங்கினேன். விலையைக் கடைக்காரர் சொன்னபடியே கொடுத்தேன். கட்டை கனமாக, விளிம்பு தேய்ந்து, உருட்டினால் மணி போல ஒலிக்கிறது.

தேவகோட்டை ரோட்டில் போகும்போது தோழியின் அண்ணன் ஏவி.எம். கதையை ஆரம்பித்தார். மெய்யப்பச் செட்டியார் பிறந்த ஊர் காரைக்குடி. 1940களில் அவருடைய ஸ்டூடியோ சில காலம் இங்கேதான் இயங்கியது. 1948இல் கோடம்பாக்கத்துக்குப் போனது. படப்பிடிப்பைப் பார்க்கச் சுற்றுவட்டார மக்கள் எப்படிக் கூடியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பேச்சு அப்படியே இன்றைய பொழுதுபோக்குக்குத் திரும்பியது. என் முறையீடு ஒன்றே ஒன்றுதான்: இடைவேளையைக் கொல்லாதீர்கள். தியேட்டரில் இடைவேளை என்பது முறுக்கும் காப்பியும் வாங்கும் நேரம் மட்டும் கிடையாது. "அவன்தான் திருடியிருப்பான்" என்று பாதிப் படத்தில் பந்தயம் கட்டும் நேரம் அது. வீட்டில் தொடர் பார்க்கும்போது ஓர் அத்தியாயம் முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. யாரும் வாய் திறப்பதற்குள் கதை நகர்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தத் தானியங்கி வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பிறகும் கால் மணி நேரமாவது சண்டை நடக்கிறது. அதுதான் பாதிப் படம்.

இரவு பட்டாலை என்ற கூடத்தில் இருந்த டிவியோடு ஸ்விட்ச்சை இணைத்தான் பையன். முதலில் வெண்பா. 2023இல் கனடாவிலிருந்து வந்த ஆட்டம். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்து, கறை படிந்து, வரிகள் அழிந்து கிடக்கிறது. அழிந்ததை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். எடுத்தவுடன் இட்லி.

இந்தக் கூட்டத்தின் முன்னால் இட்லியைத் திரையில் காட்டினால் என்ன ஆகும்? தட்டை எப்படி அடுக்க வேண்டும், ஆவி எந்த வழியாக ஏற வேண்டும் என்று ஒரே நேரத்தில் நான்கு பேர் சொல்கிறார்கள். பையன் கைப்பிடியை வைத்துக்கொண்டு திகைத்துப்போனான். புட்டு வந்தபோது, குழாய்க்குள் சில்லைப் போடுவதற்கு முன்பே மாவை எடுக்கப் பார்த்தான், ஆயா, "சில்லு! சில்லு!" என்று எழுந்தே நின்றுவிட்டார். மகன் தாயின் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லும் இடம் வந்தது. சத்தம் அடங்கியது. ஆயா எதுவும் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில் இருக்கிறார்கள்.

ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம் இது. சிறிதாக இருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஒரே உட்காரலில் ஒரு குடும்பம் முழுதும் சேர்ந்து முடிக்கலாம் என்பதே இதன் பெருமை என்பேன். மற்ற ஆட்டங்களில் சாப்பாடு என்பது உயிரை நிரப்பும் மாத்திரையாகவே வருகிறது. 2017இல் வந்த செல்டா ஆட்டத்தில் ஐந்து பொருள் வரை அள்ளி அண்டாவில் போட்டால் தாளம் போட்டுக் கொதித்து ஒரு பதார்த்தம் வெளிவரும். அந்தத் தாளம் எனக்குப் பிடிக்கும், கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் அங்கே பக்குவம் என்று ஒன்று இல்லை. தீ எப்போதும் ஒரே தீ.

பிறகு மாரியோ கார்ட். நான்கு பேர் ஒரே திரையில் வண்டி ஓட்டும் பந்தயம். 2017 பதிப்பில் வண்டி பாதையை விட்டு விழாமல் தானே திரும்பும் வசதியும், தானாக ஓடும் வசதியும் உண்டு. அவற்றைப் போட்டுவிட்டால் ஐந்து வயதுக் குழந்தையும் பந்தயத்தை முடித்துவிடும். விருந்துக்கு வந்த குழந்தைக்குக் காரமில்லாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. வீட்டின் கடைக்குட்டி ஏழாவதாக வந்தாள். வெற்றிக் கோப்பை அவளுக்குத்தான் என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

வெள்ளி, பிள்ளையார் நோன்பு

திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் நகரத்தார் எடுக்கும் நோன்பு இது. பலகார வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டாங்கட்டில் விறகடுப்பு மூட்டி, இருப்புச் சட்டியில் கடலை எண்ணெய் ஊற்றியிருந்தார்கள்.

முதலில் சீப்புச் சீடை. பச்சரிசி மாவும் வறுத்த உளுந்து மாவும் கலந்து, கொதித்த தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவு. அச்சில் பிழிந்தால் ஒரு பக்கம் வழவழப்பும் மறு பக்கம் சீப்புப் பல் போன்ற வரிகளும் உள்ள பட்டையாக விழுகிறது. அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, வரி வெளியே தெரியும்படி விரலில் சுற்றி, இரண்டு முனையையும் ஒட்ட வேண்டும். ஒட்டியது தெரியக் கூடாது. எண்ணெயில் பிரியவும் கூடாது. இந்த ஒரு வேலைக்கு வளவில் பாய் விரித்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். சுற்றுவது குழந்தைகள், ஒட்டுவது பெரியவர்கள், தட்டை அடுப்புக்குக் கொண்டுபோவது கல்லூரிப் பிள்ளைகள். செல்போன் ஆட்டத்தில் காவல் காத்த அதே நால்வர்தான். பேச்சு ஓயவில்லை. யாருக்குப் பெண் பார்த்தார்கள், யார் வீடு விலைக்கு வருகிறது, டெட்ரிஸில் நீளக் கட்டைக்கு ஏன் இடம் விட வேண்டும், எல்லாம் அந்தப் பாயில் நடந்தது.

ஓவர்குக்டு என்று ஓர் ஆட்டம், 2016இல் வந்தது. நான்கு பேர் ஒரு சமையலறையில் வெட்டி, வேகவைத்து, தட்டு கழுவி, நேரத்துக்குள் பரிமாற வேண்டும். கடிகாரம் துரத்தும், ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். சிரிப்புக்குக் குறைவில்லை, அதை நானும் விரும்பி ஆடியிருக்கிறேன். ஆனாலும் பத்துப் பேர் கூடிய அடுப்படி என்றால் பதற்றம்தான் என்று அது சொல்வதை இன்று நான் ஏற்கவில்லை. இங்கே ஒருவர்கூட ஓடவில்லை. எண்ணெய் காய்வதற்குக் காத்திருந்தார்கள், மாவு ஆறுவதற்குக் காத்திருந்தார்கள். பல செல்போன் ஆட்டங்களிலும் காத்திருப்பு உண்டு: ஆற்றல் தீர்ந்துவிட்டது, நான்கு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் பணம் கட்டு. அந்தக் காத்திருப்பை எந்தச் சமாதானம் சொன்னாலும் நான் மன்னிக்க மாட்டேன். பிள்ளைகளின் பொறுமையின்மைக்கு விலைச்சீட்டு ஒட்டும் வேலை அது.

மதியத்துக்கு மேல் வெள்ளைப் பணியாரம். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து. இரண்டையும் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, சிறிது பால் விட்டுக் கரைத்த மாவு. ஆச்சி ஒரு குழிக்கரண்டி எடுத்து எண்ணெயின் நடுவே ஊற்றினார். அடியில் போய்ப் படுத்த மாவு, ஒரு மூச்சு நேரம் அசையாமல் இருந்துவிட்டு மேலே எழும்பியது. ஓரம் மட்டும் மெல்லிய சரிகையாக விரிந்து நுரைத்தது. நடு, பூப் போல உப்பியது. ஒரே ஒரு திருப்பு. நிறம் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். லேசாகச் சிவந்தாலும் "இது பிள்ளைகளுக்கு" என்று தனித்தட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஊற்ற முடியும். எனவே அடுப்பைச் சுற்றி ஒரு கூட்டம் எப்போதும் நிற்கிறது, ஒவ்வொரு பணியாரத்துக்கும் ஒரு தீர்ப்பு வருகிறது. தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். சரிகை ஓரம் மொறுமொறுப்பு, நடுப்பகுதி பஞ்சு, துவையலின் காரம் கடைசியில். இந்த ஊர்ப் பலகாரங்களில் இதற்குத்தான் என் முதல் இடம். இரண்டாவது பால்பணியாரம். கந்தரப்பத்துக்கு ஊரே மயங்குகிறது. எனக்கு வெல்லம் ஒரு பிடி அதிகம். கவுனி அரிசிக்கு வாதமே தேவையில்லை. கறுப்பும் ஊதாவுமாக, தேங்காய்ப்பூவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து, மென்றுகொண்டே இருக்கலாம்.

மாலையில் நோன்பு. பிள்ளையார் முன் ஆவாரம்பூ, நெல், கம்பு, சோளம், எள் என்று வகைவகையாகப் பொரி, கருப்பட்டிப் பணியாரம். இனிப்பு மாவைப் பிடித்து, இருபத்தொரு நூலிழை கொண்ட திரியை அதில் செருகி நெய்யில் ஏற்றுகிறார்கள். கடலில் புயலில் சிக்கிய வணிகர்கள் நாளுக்கொரு இழையாக வேட்டியிலிருந்து நூல் எடுத்து வைத்து, இருபத்தொன்றாம் நாள் கரை கண்ட கதையைத் தோழியின் ஐயா சொன்னார். பிறகு வீட்டில் மூத்தவர் என்ற முறையில் ஒவ்வொருவருக்கும் இழை எடுத்துக் கொடுத்தார். சுடர் எரியும்போதே மாவோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். உதடு மூடியதும் தீ அணைந்துவிடுகிறது. பிள்ளை உண்டாகியிருக்கும் தோழியின் அண்ணிக்கு இரண்டு இழை. கடைக்குட்டி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்க, ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். வளவே ஆரவாரித்தது. நானும் பையனும் தூணோரம் நின்று பார்த்தோம். எங்களுக்கு இழை இல்லை, பணியாரம் உண்டு. அந்த ஆரவாரத்தில் எங்கள் குரலும் இருந்தது.

இரவு தாயம். பித்தளைக் கட்டைகளை ஆயா உருட்டினார். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே நுழையும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம். அதிர்ஷ்டம் மட்டுமே உள்ள ஆட்டம் என்று தாயத்தைச் சொல்பவர்கள், எந்தக் காயை வெட்டுவது, எதை யாரும் வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் ஏற்றி ஒதுக்குவது என்று இந்த வீட்டுப் பெண்கள் கணக்குப் போடுவதைப் பார்த்ததில்லை.

சனி, பிள்ளையார்பட்டி

காலையில் கற்பக விநாயகரைத் தரிசித்தோம். பாறையைக் குடைந்து செதுக்கிய உருவம். இரண்டே கைகள், வலம் சுழித்த தும்பிக்கை. கூட்டம் அதிகம். மோதகம் கிடைத்தது.

நோன்பு முடிந்ததால் மதியம் காரைக்குடியில் அசைவச் சாப்பாடு. கோலா உருண்டை, மிளகுக் கோழி, நண்டு ரசம். கல்பாசியும் சோம்பும் மிளகும் முன்னால் வர, மிளகாய் பின்னால் நிற்கும் குழம்பு. பரிமாறியவர் இலையில் சோறு குறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கேட்க வேண்டியிருக்கவில்லை.

பையன் இன்று ஒரு நல்ல வாதத்தை எடுத்து வைத்தான். ஸ்டார்டியூ வேலி என்ற ஆட்டத்தை எரிக் பரோன் என்ற ஒருவரே படம், இசை, கதை, நிரல் எல்லாம் செய்து 2016இல் வெளியிட்டார். தனியாக உட்கார்ந்து, தனியாகத் தோட்டம் போட்டு, தனியாக மீன் பிடிப்பது அதில் இன்பம். பள்ளி விட்டு வந்தபின் யாரோடும் பேசாமல் அரை மணி நேரம் அதை ஆடினால்தான் தனக்கு மனம் அடங்குகிறது என்றான். சுற்றி ஆட்கள் இல்லாததால் அதற்கு மார்க் குறைப்பாயா சித்தி என்று கேட்டான். குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று விளைந்த பூசணியை யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றுமா, தோன்றாதா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

நாளை விடிகாலை ரயில். ஆயா கொடுத்தனுப்பும் பலகாரங்களை வகை பிரித்துக்கொண்டிருக்கிறோம். அதிரசம் அடியில், கனம் தாங்கும். அதன் மேல் மாவுருண்டை டப்பா. சீப்புச் சீடை எவர்சில்வர் தூக்கில். நானும் பையனும் சுற்றியவை அதில் எவை என்று கடைக்குட்டி சத்தியம் செய்து காட்டுகிறாள். வெள்ளைப் பணியாரம் சூட்டோடு சாப்பிட வேண்டியது, ஊருக்கு வராது. தேன்குழல் தொட்டால் நொறுங்கும். ஸ்விட்ச் பெட்டியைக் காலி செய்து, கருவியைத் துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவே செருகிவிட்டு, அந்தப் பெட்டியில் தேன்குழலை அடுக்கிக்கொண்டிருக்கிறான் பையன்.